மேற்கண்ட இடர்களுக்கு உட்பட்டு

ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடுகிறவர், மற்ற எல்லாப் பக்கங்களின் கீழ் வலது மூலையிலும் பெயரின் முதலெழுத்துகளால் தன் சுருக்கொப்பத்தை இட வேண்டும். நடுவில் ஒரு பக்கத்தை யாரும் செருகாமல், உருவாமல் இருப்பதற்கு அதுதான் காவல். இது எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று கேட்டால் சொல்ல மாட்டேன். சட்டங்களை எழுதியவர்களே இந்த வழக்கத்தைப் பின்பற்றித்தான் எழுதினார்கள் என்று மட்டும் சொல்வேன். கோலாலம்பூரில் முப்பத்தோரு ஆண்டுகள் கம்பெனிச் செயலாளராக இருந்தேன். ரப்பர் கையுறை, ஹோட்டல், சிமெண்டு என்று பல நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் 'இடர்கள்' என்ற பகுதியை எழுதியது நான்தான். யாரும் படிக்காமல் இருப்பதற்காகவே எழுதப்படும் பகுதி அது. அதிலும் பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் இட்டேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு முறை தவறினேன்.

யாருக்காகத் தவறினேனோ அவளைப் பற்றித்தான் இது. பெயரை எழுதப்போவதில்லை. அவதூறு வழக்குக்கு என்ன படிவம், எத்தனை நாள் அவகாசம் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், நான்தான் சொன்னேன்.

அவளிடம் எதுவும் இரண்டாக இருந்ததில்லை. ரவாங்கில், ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய அலுவலகம். அங்கே எட்டுப் பேர் உட்கார்ந்து வீடியோ விளையாட்டு செய்தார்கள். அந்த இடத்துக்குச் சாவி ஒன்றே ஒன்று. ஒரு நாள் காலை அதை ஈஜோக்கில் தன் வீட்டில் மறந்துவிட்டு வந்துவிட்டாள். எட்டுப் பேரும் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டயர் கடை முதலாளி, தவுக்கே என்பார்கள், பாவம் பார்த்து மேலே இரண்டு பழைய டயர்களை அனுப்பி அதன்மேல் உட்காரச் சொன்னார். அவள் திரும்பிப் போய் எடுத்து வர ஒன்றரை மணி நேரம். அன்றைக்கு ஏதோ காகிதம் பார்ப்பதற்காக நானும் போயிருந்தேன்.

"கீழ நாலு கடை தள்ளி சாவி வெட்டுறான்மா. அஞ்சு நிமிஷ வேலை," என்றேன்.

"ரெண்டாவது சாவி இருந்துச்சின்னா மொத சாவிய எங்கயாச்சும் போட்டுருவேன் சார். ஒண்ணுதான்னு தெரிஞ்சாதான் கை அத தடவிக்கிட்டே இருக்கும்."

"தடவிக்கிட்டே இருந்ததாலதான் வீட்ல விட்டுட்டு வந்தியா?"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சாவி இரண்டாகவில்லை.

சாப்பாடும் அப்படித்தான். தெருமுனையில் ஓர் அக்கா நடத்திய கடையில்தான் மூன்று வேளையும். அந்த அக்கா தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் போனபோது ஒரு மாதம் கடை மூடியிருந்தது. அந்த ஒரு மாதமும் மைலோவில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தாள். "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டால் பிஸ்கட் டின்னைக் காட்டுவாள். பக்கத்தில் இன்னும் மூன்று கடைகள் இருப்பதை எடுத்துச் சொன்னேன்.

"வேற கடையில ஒக்காந்தா அக்காவுக்கு துரோகம் சார்."

துரோகம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். தோசை தொடர்பாக.

ஒரு பிளாஸ்டிக் பையோடுதான் அவள் முதலில் கோல சிலாங்கூரில் என் வீட்டுக்கு வந்தாள். நாற்பது வயதை நெருங்கியவள். கம்பி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "கிராணி மவன் வூடு இதானே?" என்றாள். என் தகப்பனார் ஈஜோக் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக இருந்தவர், அதாவது வெள்ளைக்காரத் துரைக்கும் லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கும் நடுவில் பேரேட்டோடு உட்கார்ந்திருந்தவர். அவளுடைய தாத்தா அந்த லயத்தில் இருந்தவர். தோட்டம் விற்றுப்போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் யார் யாருடைய பேரன் என்பதை நிலப் பதிவகத்தைவிடச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள்.

பைக்குள் நாற்பது பக்க ஒப்பந்தம் ஒன்று இருந்தது. தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கன்சோல்களைத் தயாரிக்கும் ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனம் அனுப்பியது. அவள் அந்தக் கருவியைப் 'பெட்டி' என்றுதான் சொல்வாள். அவள் செய்த விளையாட்டை அந்தப் பெட்டியில் மட்டுமே விற்க வேண்டும். அதன் தொடர்ச்சியாக வரும் எந்த விளையாட்டையும் அப்படியே. வேறு பெட்டியிலோ கணினியிலோ விற்பதற்கு அவர்களுடைய எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். இதைப் படித்துச் சொன்னேன்.

"வேற பெட்டியில எதுக்கு சார் விக்கணும்?" என்று கேட்டாள். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அவள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடப் போனாள். தடுத்து, சுருக்கொப்பத்தைப் பற்றிச் சொன்னேன். எதற்காக என்றும் சொன்னேன். நாற்பது பக்கமும் மூலைக்கு மூலை போட்டு முடித்துவிட்டு, கையை உதறிக்கொண்டு, "நல்ல பாடம் சார், மறக்க மாட்டேன்," என்றாள். மறக்கவில்லை.

விளையாட்டைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நன்றாக இருந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரியைத் தோட்டத்திலிருந்து ஆலைக்கு ஓட்டிப் போக வேண்டும். குலை வெட்டி ஒரு நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் பழம் கெட்டுவிடும். வழியில் மழை, மாடு, பழைய மரப்பாலம். அவ்வளவுதான். யாரும் யாரையும் சுடுவதில்லை. அவளுடைய அப்பா அப்படி ஒரு லோரிதான் ஓட்டினார். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் அவள் அதன் முன்சீட்டில்தான் வளர்ந்தாள்.

அந்தப் பெட்டியோடு வரும் கைப்பிடிக்கு ஒரு விசேஷம் உண்டு. இரண்டு உள்ளங்கைகளிலும் தனித்தனியாக, மிக நுணுக்கமாக அதிரும். வேறெந்தக் கருவியிலும் அது இல்லை. அதை வைத்து அவள் சாலைகளைச் செய்தாள். ஒரு முறை என்னையும் வாடகை லோரியில் ஏற்றிக்கொண்டு சுங்கை பஞ்சாங் வரை போனாள். இரண்டு பக்கமும் நெல்வயல், நடுவில் வாய்க்கால் கரை. அவள் ஓட்டினாள். என் கையை இழுத்து டேஷ்போர்டில் வைத்தாள்.

"கண்ண மூடுங்க சார். இது தாரு. இது செம்மண்ணு, நேத்து மழ பேஞ்ச செம்மண்ணு. இப்ப வருது பாருங்க, பாலம். மொதல்ல எடது கை, அப்பறம் வலது."

இடது கைதான் முதலில் உணர்ந்தது. அலுவலகத்துக்குத் திரும்பியதும் கண்ணை மூடச் சொல்லி அந்தக் கைப்பிடியைக் கொடுத்தாள். வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருந்தேன். அறுபத்தைந்து வயதில் ஒரு பிளாஸ்டிக் கைப்பிடியை வைத்துக்கொண்டு கண் கலங்கினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவளுடைய திறமையைக் குறைத்துச் சொன்னேன் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது.

முதல் விளையாட்டு நன்றாகப் போனது. எங்கோ பனி விழும் ஊர்களில் உட்கார்ந்துகொண்டு ஆட்கள் ஈஜோக் லோரியை ஓட்டினார்கள். இரண்டாவதை இன்னும் பெரிதாகச் செய்ய வேண்டும், இப்போது இருக்கும் மூன்று பேர் போதாது, மேலும் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்றாள். திட்ட அறிக்கை ஒன்று தயாரித்தாள். உதவித்தொகை தரும் ஒரு நிதிக்கு ஒரு பிரதி. சேரப்போகும் ஐந்து பேருக்கும் ஆளுக்கொன்று. அவர்கள் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியவர்கள். அதனால் அறிக்கையில் இடர்கள் பகுதியை நீங்கள் எழுதி, ஆலோசகர் என்று கையெழுத்தும் போடுங்கள் சார் என்று கேட்டாள்.

ஐந்து பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையில் இத்தனை நேர்மையாக எழுதியதில்லை, ஏனென்றால் திருத்துவதற்கு இயக்குநர் குழு இல்லை. பெட்டி விற்பனை விழுந்தால் நாமும் விழுவோம். பெட்டிக்காரர்கள் புதிய மாதிரி கொண்டு வந்து அதில் பழைய விளையாட்டு ஓடாது என்றால், நம் உழைப்பு ஒரே நாளில் பழையதாகும். புதிய கைப்பிடியில் அந்த அதிர்வு இல்லாமல் போனால், மாற்றி எழுதவும் முடியாது. விளையாட்டை விற்கும் இணையக் கடை அவர்களுடையது. அதை மூட அவர்களுக்கு நம் சம்மதம் தேவையில்லை, ஆனால் நாம் வெளியேற அவர்களுடைய சம்மதம் தேவை. ஆகவே இன்றைக்கே ஒப்புதல் கேட்டு, கணினியில் ஓடும்படி இரண்டாவது வடிவம் ஒன்றைத் தொடங்க வேண்டும். கடைசியாக, ஏழாவது இடர்: நிறுவனம் முழுவதும் ஒரே ஒருவரை நம்பி இருக்கிறது.

அவள் என் எதிரில் உட்கார்ந்து ஐந்து பக்கத்தையும் படித்தாள். உதட்டை அசைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல்.

"இதப் படிச்சா நானே வேலைக்கு வர மாட்டேன் லா சார்."

"வர்றவங்க தெரிஞ்சிக்கிட்டு வரணும். அதுக்குத்தான்."

"கம்பியூட்டர்ல ஓட்டுனா கையில ஒண்ணுமே தெரியாது சார். குலுங்காத லோரி என்னா லோரி?"

"எட்டுப் பேருக்குச் சம்பளம் தர்ற லோரி."

"ஏழாவது, என்னப் பத்தியே எழுதிருக்கீங்க?"

"நாளைக்கு நீ ஒரு லோரியில அடிபட்டா?"

"லோரியில நான் அடிபட மாட்டேன் சார். அதுக்கு என்னத் தெரியும்."

பக்கங்களை அடுக்கித் தட்டி ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டாள். ஒரு மாற்றமும் கேட்கவில்லை. இப்படி ஒரு வாசகி எனக்கு இதற்குமுன் கிடைத்ததில்லை என்று பெருமைப்பட்டேன்.

கையெழுத்தை விஜயதசமியன்று வைத்துக்கொள்ளலாம் என்றாள். முந்திய நாள் சரஸ்வதி பூசை. அலுவலகத்தில் எல்லாக் கணினிகளுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் அந்தப் பெட்டி, மல்லிகை மாலையோடு. என் பேனாவையும் வாங்கிப் பூசையில் வைத்துவிட்டாள். விஜயதசமி காலையில் எடுத்து எழுதும் முதல் எழுத்து நல்ல காரியத்துக்காக இருக்க வேண்டுமாம். மறுநாள் போனேன். கற்கண்டு கொடுத்துப் பேனாவைத் தந்தாள். இருபத்திரண்டு பக்க அறிக்கை. கடைசிப் பக்கத்தில் நானே வாசகம் அமைத்திருந்தேன்: 'மேற்கண்ட இடர்களுக்கு உட்பட்டு, இத்திட்டம் நம்பிக்கைக்கு உரியது என்று கருதுகிறேன்.' கையெழுத்திட்டேன். முதல் பக்கத்துக்குத் திருப்பி, சுருக்கொப்பத்துக்காகப் பேனாவை மூலைக்குக் கொண்டுபோனேன்.

"என்னா சார், ஒவ்வொரு பக்கமுமா?"

"வழக்கம்தானேம்மா. உனக்கே தெரியும்."

"அது வெள்ளக்காரன் பத்திரம். இது நம்ம பத்திரம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஒங்கப்பா எங்க தாத்தா பேருக்கு நேரா தெனமும் குட்டிக் கையெழுத்து போடுவாராம். முழு நாளா, அர நாளா, வந்தானா வரலியான்னு. எங்கப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. இப்ப நீங்க எனக்குப் போடப் போறீங்களா?"

பின்னால் வேலை செய்துகொண்டிருந்த மூன்று பேரில் ஒருவன், "கிராணி சார் பெரட்டு எடுக்கிறாரு டோய்!" என்றான். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அவனுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். அவன் பெரட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தக் கேலி மட்டும் அவன் வீட்டில் இன்னும் புழக்கத்தில் இருந்திருக்கிறது.

என் தகப்பனார் நேர்மையான கிராணி. ஒருவருக்கும் அரை நாளைக் குறைத்து எழுதியவர் இல்லை. ஆனால் காய்ச்சலோடு வந்து மதியம் மயங்கி விழுந்தவனுக்கு நேர்மையாக எழுதினாலும் அரை நாள்தான். அந்தப் பேரேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். அதன் சம்பளத்தில்தான் படித்தேன். அவளுக்கு இதெல்லாம் தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தினால் எந்தக் கை அதிரும் என்பதுதானே அவள் தொழில்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன்.

திலகா என் தங்கை மகள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் நிரந்தர வேலையில் இருந்தாள். சின்ன வயதிலிருந்து படம் வரைவாள். அந்த ஐந்து பேரில் ஒருத்தியாகச் சேர அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். "சேரலாமா மாமா?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்ததை வாயால் சொன்னால் இரண்டும் முரண்படும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்தது.

"அறிக்கையக் குடுப்பாங்க. நல்லாப் படி. எல்லாம் எழுதிருக்கேன். படிச்சிட்டு நீயே முடிவு பண்ணு."

ஒரு வாரம் கழித்து ஃபோன் செய்தாள். "படிச்சிட்டேன் மாமா. பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. வேலைய விட்டுட்டேன்."

ஏழு இடர்களையும் படித்துவிட்டுப் பயப்படவில்லை என்கிறாளே, நம் குடும்பத்தில் இப்படி ஒரு தைரியசாலியா என்று வியந்தேன். வியப்பதற்குப் பதிலாக, இடர்கள் தொடங்கிய பன்னிரண்டாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் நன்றாகவே போனது. திலகா சுங்கை பஞ்சாங் வயலின் விடியற்கால வெளிச்சத்தை வரைந்தாள். இன்னொருவன் மழையைச் செய்தான். நான் போகும்போதெல்லாம், "கம்பியூட்டர் வடிவம் என்னாச்சும்மா? ஒப்புதல் கேட்டாச்சா?" என்று விசாரிப்பேன். "கேட்டுக்கிட்டு இருக்கேன் சார்," என்பாள். வேறு பெட்டி தயாரிக்கும் நிறுவனத்தின் ஆள் ஒருவர் பேச வந்தபோது அவரை உட்காரக்கூடச் சொல்லாமல் மாடிப்படியிலிருந்தே அனுப்பிவிட்டாள். "மொதல்ல கதவத் தெறந்துவிட்டவன் ஒருத்தன்தான் சார்," என்றாள். அந்த விசுவாசத்தைப் பார்த்து எட்டுப் பேரும் அவளை இன்னும் அதிகமாக நம்பினார்கள். நானும்தான்.

மறு ஆண்டு தீபாவளி கழிந்த வாரத்தில் செய்தி வந்தது. அக்கா கடையில் மதியச் சாப்பாட்டில் இருந்தபோது, மழை செய்தவன் தன் ஃபோனில் பார்த்துச் சொன்னானாம். பெட்டி விற்பனை விழுந்துவிட்டதாம், புதிய மாதிரி வருகிறது. பழைய விளையாட்டு அதில் ஓடாது. புதிய கைப்பிடியில் அந்த அதிர்வு இல்லை. பழைய பெட்டியின் இணையக் கடையில் இந்த ஆண்டு முடிந்ததும் புதிய விளையாட்டு எதையும் ஏற்க மாட்டார்கள். என் பட்டியலில் முதல் நான்கு இடர்கள், நான் எழுதிய வரிசையிலேயே. இரண்டாவது விளையாட்டு முடிய இன்னும் ஆறு மாதம் இருந்தது.

"அக்கா என்னா சொன்னாங்க?" என்று திலகாவைக் கேட்டேன். கடை அக்காவை இல்லை, அவளைத்தான். அவர்கள் எல்லோருக்கும் அவளும் அக்கா.

"எலய மடிச்சாங்க. பெட்டிக்காரங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கேன், பயப்படாதீங்கன்னாங்க மாமா."

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் திலகா மீண்டும் கூப்பிட்டாள்.

"மாமா, கதவு பூட்டியிருக்கு."

"மறந்துட்டு வந்திருப்பா. வருவா, இருங்க."

"இல்ல மாமா. ஃபோன் போகல. சனிக்கெழம வந்து அவங்க சாமான எடுத்துக்கிட்டுப் போனாங்கன்னு கீழ தவுக்கே சொல்றாரு. கண்ணாடி வழியா பாக்குறோம். பெட்டி மட்டும் அங்கயே இருக்கு, பூச மாலயோட."

எட்டுப் பேரும் அதே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். தவுக்கே இம்முறையும் டயர்களை அனுப்பினாராம். யாரும் உட்காரவில்லை.

சில நாட்களில் அவள் சிங்கப்பூரில் இருப்பது தெரிந்தது. பெரிய விளையாட்டு நிறுவனம் ஒன்றில் வேலை. அவள் தன் இணையப் பக்கத்தில் தானே போட்டிருந்த விவரத்தைத் திலகா காட்டினாள். ஒரு கருவிக்காகச் செய்த விளையாட்டுகளை மற்ற கருவிகளிலும் ஓடும்படி மாற்றும் பிரிவுக்கு அவள் தலைவி. இரண்டு முறை படித்தேன். திலகாவுக்கு ஒரே ஒரு வாட்ஸ்அப் வந்தது: 'சாரி திலா. எனக்கு வேற வழி தெரியல.' எதிலும் ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாதவள். வழியும் ஒன்றுதான் தெரிந்திருக்கும். அது சிங்கப்பூர்ப் பாலம் தாண்டிப் போகும் வழி.

அந்த வார இறுதியில் திலகா தன் அறிக்கைப் பிரதியை எடுத்துக்கொண்டு வந்தாள். பதினேழு பக்கம் இருந்தது. நான் கையெழுத்திட்டது இருபத்திரண்டு. சிங்கப்பூர் போனவள் பக்க எண்களைச் சுத்தமாகத் திருத்தியிருந்தாள், பொருளடக்கத்திலிருந்தும் 'இடர்கள்' என்ற வரியை எடுத்திருந்தாள். கையெழுத்துப் பக்கத்தில் மட்டும் கை வைக்க முடியவில்லை, அதில் என் வாசகம் இருந்தது. 'மேற்கண்ட இடர்களுக்கு உட்பட்டு.' மேலே பார்த்தேன். அதற்கு முந்திய பக்கத்தில் 'எங்கள் குழு' என்று ஒரு படம். அக்கா கடையில் வாழையிலைக்கு முன்னால் ஐந்து பேர் உட்கார்ந்து சிரிக்கிறோம். அந்த மூன்று பேர், அவள், நான்.

"மேற்கண்ட இடர்னா எது மாமான்னு நான் அப்பவே யோசிச்சேன்," என்றாள் திலகா. "ஒங்க ஆபீசு பாஷன்னு விட்டுட்டேன்."

என் ஆபீசு பாஷைதான். முப்பத்தோரு ஆண்டுகளாக நான் எழுதிய இடர்களைப் படித்து, புரிந்துகொண்டு, அதன்படி உடனே செயல்பட்ட ஒரே வாசகி அவள்தான். மற்றவர்கள் புரிந்துகொண்டுவிடாமல் இருக்க அதை உருவவும் செய்தாள்.

எட்டுப் பேரும் என் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான். பாதி முடிந்த இரண்டாவது விளையாட்டை, குலுங்காவிட்டாலும் பரவாயில்லை, கணினியில் கொண்டுவர வேண்டும். அதற்குப் பெட்டி நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அது கிடைத்தால் உதவித்தொகையின் அடுத்த தவணையைக் கேட்கலாம், வேலையும் நிலைக்கும். கிடைக்காவிட்டால் எட்டுப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். திலகா தன் பழைய தொழிற்சாலையில் விசாரித்துப் பார்த்தாள். அவளுடைய இடத்தில் வேறொருத்தி இருந்தாள்.

கடிதத்தை நான் வரைந்தேன். பொருள், பார்வை, ஒப்பந்தப் பிரிவு, வேண்டுகோள், இணைப்புகள். பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. எட்டுப் பேரும் கையெழுத்திட்டார்கள். நான் சொல்லாமலே திலகா ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் இடத் தொடங்க, மற்றவர்களும் இட்டார்கள். உங்கள் கடிதம் கிடைத்தது என்ற தானியங்கிப் பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. பதினான்கு நாள் கழித்து முதல் நினைவூட்டல். பிறகு இரண்டாவது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் மூன்றாவது. அந்த இடைவெளியில் மழை செய்தவன் ஷா ஆலமில் பொருள் விநியோக வேலைக்குப் போனான். இன்னும் மூன்று பேர் போனார்கள். தைப்பூசத்துக்கு விடுப்புக் கிடைக்குமா என்று திலகா ஒரு நேர்முகத் தேர்வில் கேட்டு, அதனாலேயே அந்த வேலை போயிற்று.

கடைசியில் பதில் வந்தது. மரியாதையான பதில். பெட்டியின் பழைய மாதிரியை நிறுத்தப்போவதாக எல்லாப் பங்காளி நிறுவனங்களுக்கும் ரகசிய முன்னறிவிப்பு கொடுக்கப்பட்டது. அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு, வேறு கருவிகளுக்கு மாறிக்கொள்ள ஒப்புதல் கட்டணமில்லாமல், கேட்டவுடன் வழங்கப்பட்டது. உங்கள் நிறுவனத்திடமிருந்து விண்ணப்பம் எதுவும் வரவில்லை. அவகாசம் முடிந்துவிட்டது. வருந்துகிறோம். இணைப்பு: முன்னறிவிப்பு, நான்கு பக்கம், உங்கள் இயக்குநரின் ஒப்புகையோடு.

ஒப்புகை தேதியைப் பழைய நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரஸ்வதி பூசைக்கு மூன்று நாள் முன்பு. அவள் பெட்டிக்கு மாலை போட்டது, என் பேனாவை வாங்கி வைத்தது, கற்கண்டு கொடுத்தது எல்லாம் அதற்குப் பிறகு. திலகா வேலையை விட்டதும் அதற்குப் பிறகு.

ஏன் ஒரு கடிதம் எழுதி ஒப்புதல் கேட்கவில்லை? குலுங்காத லோரி அவளுக்கு லோரி இல்லை. அதை நான் இன்றைக்கும் நம்பத் தயார். வாய்க்கால் கரையில் என் இடது கையில் வந்த பாலம் பொய்யில்லை. ஆனால் ஐந்து பக்கத்தை உருவ அந்தக் காரணம் போதாது.

திலகா அந்த நான்கு பக்கத்தையும் அச்செடுத்து வந்து மேசைமேல் பரப்பியிருந்தாள். பிறகு ஒவ்வொரு தாளின் கீழ் வலது மூலையிலும் விரலை வைத்துக் காட்டினாள்.

"அக்கா ஒரு பக்கம்கூட விடல மாமா."

விட்டிருக்கவில்லை. நான்கு மூலைகளிலும் அவளுடைய இரண்டு எழுத்துகள், நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன அளவில்.

வந்த கடிதத்தின் தலைப்பில், பெற்ற நாளைப் பெறுகிறவர் தன் கையால் குறிக்க வேண்டும். விஜயதசமியன்று மூடி வைத்த அதே பேனாவை எடுத்து எழுதினேன்: பெற்றது, தைப்பூசம் கழிந்த மூன்றாம் நாள், புதன்கிழமை.